ஏழு சிவப்புப் புள்ளிகளும் ஒரு நிழலும்

செப்டம்பர் 29

ட்ரோன் எடுத்த படங்களை ஒட்டி வரைபடமாக்கி முடித்தேன். நலமான மரம் பச்சை, வாடிய மரம் சிவப்பு. விவசாயிகள் சங்கத்தின் பொறியில் சிவப்புக் கூன்வண்டு விழுந்ததிலிருந்து ஊரே இந்தப் படத்துக்குத்தான் காத்திருக்கிறது. வண்டு பேரீச்ச மரத்தை உள்ளே குடையும். நமக்குத் தெரிவதற்குள் பக்கத்து மரத்துக்குப் போயிருக்கும்.

ஏழு சிவப்புப் புள்ளிகள், ஒரே வரிசையில். ஏழும் ஷம்ஸா மாமியின் இளமரங்கள். வாப்பாவின் சொந்தத் தங்கை. எங்கள் தோப்புக்கும் அவள் தோப்புக்கும் நடுவில் ஃபலஜ் வாய்க்கால் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை வெட்டி எரிக்க வேண்டும் என்கிறது சங்கம்.

செப்டம்பர் 30

மாமியிடம் சொல்லிவிட்டேன். கஹ்வா காப்பி போதும் என்று கோப்பையை ஆட்டக்கூட இல்லை, அப்படியே கீழே வைத்தாள்.

"உங்க வாப்பா மரம் இத்தன வருஷமா என் கன்னுங்களுக்கு வெயில விடல. இப்ப நீ மிஷின பறக்கவிட்டு கன்னையே எடுத்துக்கப் போறியா?"

அடுத்த வருடம்தான் அவை முதல் குலை தள்ளும்.

அக்டோபர் 1

'வெயில விடல.' காலையிலிருந்து காதை விட்டுப் போகவில்லை.

படம் எடுத்த நேரத்தைப் பார்த்தேன். மத்தியானத் தூக்கம் முடித்து, சாயங்கால அஸர் தொழுதுவிட்டு, ட்ரோன் ஓட்டும் ஹம்தான் சாவகாசமாகப் பறக்கவிட்டிருக்கிறான். எங்கள் மரங்கள் மேற்கே, நல்ல உயரம். அவற்றின் நிழல் வாய்க்காலைத் தாண்டி மாமியின் மரங்கள் மேல் கிடக்கிறது. நிழலில் நிற்கும் பச்சை, கேமராவுக்கு வாடல்.

அப்படியானால் நான் நோய் என்று சிவப்படித்தது எங்கள் வீட்டு நிழலையா?

அக்டோபர் 2

ஹம்தானை உச்சிவெயிலில் பறக்கவிடச் சொன்னேன். பேட்டரி உப்பிவிடுமாம். வெயில் தாங்காதது பேட்டரியா, நீயா என்றேன். நாளைக்கு வருகிறான்.

அக்டோபர் 3

மதிய லுஹர் தொழுகைக்குச் சற்று முன்பே எடுத்துவிட்டோம். நிழலெல்லாம் மரத்தடியில் சுருண்டு கிடந்தது. ஏழும் பச்சை! ஓடிப்போய் மாமியிடம் காட்டினேன். கிண்ணம் நிறைய ஹல்வா கொடுத்தாள், திட்டிக்கொண்டே.

ஆனால் வண்டு எங்கே? முழுப் படத்திலும் ஒரு சிவப்பு இல்லை. எல்லா மரமும் மேலிருந்து ஒரே மாதிரி நட்சத்திரம். வண்டு இருக்கும் மரத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் மாமியின் மரங்கள் தப்பித்ததாக அர்த்தமே இல்லை.

அக்டோபர் 4

பழைய சாயங்காலப் படங்களை அழிக்க உட்கார்ந்தேன். அழிக்கும் முன் ஒரு ஆசை: நிழலை ஒதுக்காமல், நிழலை மட்டும் பார்த்தால் என்ன?

கேமராவுக்கு மரத்தின் உச்சந்தலைதான் தெரியும். நிழலிலோ மரம் பக்கவாட்டில் படுத்திருக்கிறது! எங்கள் மரங்கள் வரிசையாக, விரித்த குடைகள். நாலாவது மட்டும் கம்பி ஒடிந்த குடை. ஒரு பக்கம் தொங்குகிறது.

எங்க மரம். வருஷத்தோட முதல் குலைய வாப்பா அறுக்கிற மரம். மாமியோட ஏழும் அதோட பக்கக்கன்னுலேர்ந்து வந்ததுதான். அய்யோ, இத எப்படிச் சொல்றது? சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்? — ஒரு கணம் நினைத்தேன்தான்.

அக்டோபர் 5

சொன்னேன்.

"நிழலப் பாத்து மரத்த வெட்டச் சொல்றியா?"

"வெட்டச் சொல்லல வாப்பா. ஏறிப் பாருங்க."

அவரே இடுப்பில் கயிறு கட்டி ஏறினார். நடுக்குருத்தைப் பிடித்ததும் கையோடு வந்துவிட்டது. கீழே நின்ற எனக்கே புளித்த நாற்றம் அடித்தது. இறங்கிக் கயிற்றை அவிழ்த்தார். பிறகு, "அவ மரத்துக்கு வர்றதுக்குள்ள எரிச்சிரலாம்," என்றார்.

அக்டோபர் 6

எரித்தோம். வாப்பா மத்தியானம் சாப்பிடவில்லை.

அக்டோபர் 27

இப்போது நிறத்துக்கு உச்சியில் ஒரு தடவை, நிழலுக்குச் சாயங்காலம் ஒரு தடவை பறக்கவிடுகிறோம். ஹம்தான் என்னைச் சபித்துக்கொண்டிருக்கிறான். இன்று எல்லாக் குடைகளும் முழுசு. மாமியின் ஏழும் பச்சை.

அஸருக்குப் பிறகு மாமியோடு கஹ்வா. வழக்கமான இடத்தில்தான் பாய் விரித்திருந்தாள், கண் கூசியது.

"உங்க வாப்பாகிட்ட சொல்லு, என் பாய்ல வெயில் அடிக்குது. அந்த மரம் நின்ன எடத்துல ஒரு கன்னு வைக்கச் சொல்லு."

எங்களிடம் அந்த மரத்துக் கன்று ஏது என்றேன்.

மாமி கோப்பையை ஆட்டிக் கொடுத்துவிட்டு, தன் வரிசையைக் கை காட்டினாள். "ஏழு இருக்குல்ல. எது அடியில பக்கக்கன்னு நல்லா இருக்கோ, வந்து எடுத்துக்கச் சொல்லு."