ஈரக்கையும் மேஜை விளக்கும்

12-9-1941

இன்று ராஜாமணி தகப்பனின் புதுப் பெண்டாட்டியை "அம்மா" என்றாள். என் காதுபடவே! என் தங்கை செத்த நாளிலிருந்து மூன்று வருஷமாக என் மடியில் வளர்ந்த பிள்ளை. நேற்று வரை என்னைத்தான் அம்மா என்றவள். எல்லாம் தகப்பன் சொல்லிக்கொடுத்தது. "இனிமே இவங்கதான் அம்மா, அவங்க பெரியம்மா" என்றானாம் இன்னாசி. பெரியம்மாவாம்! வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போது ஏழெட்டு ஐம்பத்தாறை இரண்டு தரம் தப்பாகச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

15-9-1941

தலைவலி. அவள் சுக்கு அரைத்துக்கொண்டு வந்தாள். தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

21-9-1941

இன்னாசி கரண்டு ஆபீஸில் லைன்மேன். தங்கை இருந்தவரை இந்த வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். இந்தக் கண்ணம்மாளைக் கட்டிக்கொண்டு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, வீட்டுக்குக் கரண்டு வந்துவிட்டது. இன்றைக்கு மேஜை விளக்கு வேறு. யாருக்கு? ஒகேனக்கல் பரிசல்காரர் மகளுக்கு. ஞானஸ்நானம் வாங்கின ஈரம்கூடக் காயாதவளுக்கு!

கரண்டு பிடித்தால் என்ன செய்வது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். "நீங்களும் வந்து பாருங்க" என்று என்னையும் கூப்பிட்டான். அவள் பக்கத்தில் நின்று நான் பாடம் கேட்க வேண்டுமா? வாத்தியாரம்மாவுக்கே பாடமா என்று கேட்டுவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன். மெயின், காய்ந்த கட்டை என்று என்னவோ காதில் விழுந்தது.

4-10-1941

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் குளித்துவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்த ராஜாமணி மேஜை விளக்கைப் பிடித்தாள். ஒரே ஒரு அலறல். கை விளக்கோடு ஒட்டிக்கொண்டு உடம்பு உதறுகிறது. இன்னாசி வேலைக்குப் போய்விட்டான். நான் பாய்ந்தேன் — "தொடாதீங்கக்கா!" என்று கண்ணம்மாள் தள்ளிய வேகத்தில் சுவரில் போய் விழுந்தேன். அவள் ஓடி மெயினை நிறுத்தினாள். அப்படியும் நம்பாமல் உலக்கையால் விளக்கைத் தட்டிவிட்டாள். பிள்ளை தொப்பென்று விழுந்தது. மூச்சு இல்லை.

பக்கத்து வீட்டுச் செல்லி ஓடிவந்து, "இடி உழுந்தாப்பலதான் இதுவும். கழுத்து வரைக்கும் மண்ணுல பொதைங்க, மண்ணு இழுத்துக்கும்" என்றாள். எங்கள் பக்கம் இடி விழுந்தவர்களுக்கு அப்படித்தான் செய்வார்கள். டிரெயினிங் படித்தவள் நான், என் புத்தி எங்கே போயிற்று? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடித் தோண்ட ஆரம்பித்தேன்.

கொல்லை வாசல் வழியாக எல்லாம் தெரிந்தது. பிள்ளையைக் குப்புறப் போட்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, முதுகில் இரண்டு கையையும் வைத்து அழுத்துகிறாள், விடுகிறாள். அழுத்துகிறாள், விடுகிறாள். ஆற்றில் முங்கினவர்களுக்கு அவள் அப்பன் செய்வதாம். "செத்த புள்ளைய ஏண்டி பெசையற! விடுடி!" என்று கத்தினேன். அவள் நிமிரவே இல்லை.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. சேசுவே, எழுதிவிடுகிறேன். "போகட்டும், இனி அவளுக்கும் இல்லை" என்று நினைத்தேன். ஒரு நொடி எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

குழி முழங்கால் ஆழம் வந்தபோதுதான் என்ன தோண்டுகிறேன் என்று உறைத்தது. மண்வெட்டியை வீசிவிட்டு உள்ளே ஓடினேன்.

ராஜாமணி இருமினாள். பிறகு அழுகை. பிறகு "அம்மா" என்றாள். நாங்கள் இரண்டு பேருமே "என்ன கண்ணு" என்றோம். யாரைக் கூப்பிட்டாளோ, எனக்குத் தெரியாது.

டாக்டர் வந்து உள்ளங்கைப் புண்ணுக்கு மருந்து போட்டார். "இந்தம்மா விடாம அழுத்தலைன்னா பொழைச்சிருக்காது" என்றார். அதைக் கேட்கவும் எனக்கு எரிந்தது. பிழைத்த பிள்ளை எதிரில் கிடக்கிறது, எனக்கு எரிகிறது. நான் மனுஷிதானா?

5-10-1941

குழியை மூடினேன்.

11-10-1941

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அந்த நினைப்பைச் சொன்னேன். பரிகாரமாக மாதாவுக்குப் பத்துப் பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். போதவில்லை.

12-10-1941

கண்ணம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முறத்தை என் முகத்தில் வீசுவாள் என்று நினைத்தேன். அவள் புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் மட்டும் என்னாங்கக்கா யோக்கியம்? புள்ள போயிட்டா மாத்தாந்தாயி கொன்னுட்டான்னு சொல்லி வூட்ட வுட்டு முடுக்கிருவாங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் அழுத்துனேன். தூக்கத்துல இன்னும் உங்களத்தான் தேடறா. எனக்கும் வவுறு எரியுமுங்க."

எனக்கும் அதைச் சொல்லிக்கொடு என்றேன். முறத்தை வைத்துவிட்டுப் பாயில் தானே குப்புறப் படுத்தாள். "இங்கதானுங்க. கைய மடக்காதீங்க, ஒடம்போட சாஞ்சு அழுத்துங்க" என்றாள். கை வைத்தேன். விலா எலும்பு ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது.

"உனக்கு என்ன வயசு?"

"வர்ற மாசிக்குப் பதினெட்டுங்க."

பதினெட்டா! வந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. இன்றைக்குத்தான் கேட்கிறேன்.