பச்சை மரம் என்றாய்

இன்று காலையில் மெருகுக்கு அரக்கு கரைத்த ஸ்பிரிட் புட்டியைத் திறந்ததும் அரக்கு வாடையோடு நீயும் வந்து நின்றாய். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. வாடைக்கு அது தெரியவில்லை. பட்டறை வாசலில் நிற்பது அதே கார்தான். மலைத்தோட்டத்து வெள்ளைக்காரரிடம் இலஞ்சி அண்ணாச்சி வாங்கி, கறையான் அரித்த கதவு உள்பலகைகளைப் புதிதாகச் செய்யச் சொல்லி, மரவேலையை என்னிடமும் மெருகை உன்னிடமும் விட்டாரே, அது. மறுபடியும் மெருகு போட வந்திருக்கிறது. இந்த முறை என்னிடம் மட்டும்.

அன்று நான் எடுத்தது என் கல்யாணக் கட்டிலுக்கென்று பரணில் காயப்போட்டிருந்த ஈட்டிப் பலகை. கதவின் வளைவுக்குப் பொருத்திப் பொருத்தி இழைத்தேன். "ஏலே, பொண்டாட்டிக்கு வச்சிருந்த மரத்துல அண்ணாச்சி முழங்கைய ஊனப் போறாரு" என்று கேலி செய்தாய். நானும் சிரித்தேன்.

நாலு கதவுக்கும் பலகை தயாரானபோது குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசி வரை ஈரக் காற்று. அதில் அரக்கு ஏற்றினால் வெள்ளை பூக்கும் என்று உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

"பொறுலே, சாரல் நிக்கட்டும்" என்றேன்.

"அண்ணாச்சி சீசனுக்கே காரக் கேக்காரு. வெயில் அடிக்குத நேரமாப் பாத்துப் போட்டுருதேன்" என்றாய்.

முதல் கதவுக்கு வெயில் இருந்தது. மற்ற மூன்றுக்கும் இல்லை.

அண்ணாச்சி வந்தபோது மூன்றும் சாம்பல் பூசியதுபோல் கிடந்தன. "என்னவே இது?" என்றார். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாலிஷ்ல குத்தமில்ல அண்ணாச்சி. மரம் பச்சை, சரியாக் காயல" என்றாய். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வாய் கட்டிப்போனது.

சாரல் ஓய்ந்ததும் தேய்த்து மறுபடி போட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டாய். தனிப் பட்டறையும் வைத்தாய். அந்தப் பேச்சு ஊரில் பரவி, என்னிடம் நிலைக்கதவு செய்ய வந்தவர்கள்கூடப் பலகையை நகத்தால் கீறிப் பார்த்தார்கள். கோயில் வாசலில் கண்டால் சௌக்கியம் விசாரிப்பாய். நீ படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன், இப்போதாவது உண்மையைச் சொல்வாய் என்று. அருவியில் தண்ணீர் வரத்து எப்படி என்று கேட்டாய்.

நேற்று அந்த மூன்று கதவின் மெருகையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். மரம் வளையவில்லை, இணைப்பில் மயிரிழை இடைவெளி இல்லை. பச்சை மரமாக இருந்தால் முதல் கோடையிலேயே காட்டிக்கொடுத்திருக்கும். அண்ணாச்சியை அழைத்துக் காட்டினேன்.

"பாருங்க அண்ணாச்சி. பச்சை மரம்னு அன்னைக்குச் சொன்னது இதத்தான்."

அவர் குனிந்து தடவிப் பார்த்தார். "பச்சை மரமா? அப்படி யாருவே சொன்னா?" என்றார். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை.

முதல் கதவை நான் தொடவில்லை. நீ வெயிலில் போட்ட மெருகு. இன்னும் முகம் தெரிகிறது. இவ்வளவு நல்ல வேலைக்காரனுக்கு அந்தப் பொய் எதற்கு என்று ஆத்திரம்தான் வருகிறது.

சொன்ன நீ இல்லை, கேட்டவரும் மறந்துவிட்டார். ஆனால் இன்றும் பட்டறைக்கு வருகிறவர் சும்மா ஒரு பலகையில் கை வைத்தால் போதும். யாரும் கேட்காமலே, "மரம் நல்லாக் காஞ்சதுதான்" என்று என் வாய் முந்திக்கொள்கிறது.