போர்டுக்குப் பக்கத்தில் நிற்பவள்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டி நடக்கிற ஹோட்டலுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்ததை பஸ்ஸிலேயே காலி செய்துவிட்டேன். அதனால் ‘சாப்பிட்டியா’ என்று அடுத்த கடிதத்தில் கேட்காதே.

வந்ததும் வராததுமாக எல்லாருடைய போனையும் வாங்கி, கவரில் போட்டு ஒட்டிவிட்டார்கள். போன வருஷம் எவனோ உள்ளே நடப்பதைப் பந்தயம் கட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிட்டானாம். அவன் செய்த வேலைக்கு ஆட வந்த நாங்கள் அறுபத்து நாலு பேரும் உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

முதல் சுற்று ஜெயித்துவிட்டேன். ஆனால் எப்படி ஜெயித்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதமாக உன்னிடம் மறைத்தேன், இனிமேல் முடியாது. அக்கா, கை டார்ட் அம்பை விடமாட்டேன் என்கிறது. போர்டைக் குறி பார்க்கிறேன், கை பின்னால் போகிறது, முன்னால் வருகிறது, விரல் மட்டும் திறப்பதில்லை. இன்றைக்கு ஒரு டார்ட்டுக்குப் பதினோரு விநாடி நின்றேன். ஜனங்கள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ‘சிலை’ என்று பட்டப்பெயர் வைத்தாயிற்று. எதிரே ஆடியவன் என்னைவிட மோசமாக ஆடியதால் தப்பித்தேன்.

கடைசி எட்டுப் பேருக்குள் வராவிட்டால் தொழில்முறை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள். முப்பத்து நாலு வயதில் எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? பயமாக இருக்கிறது அக்கா. சாதாரணப் பயம் இல்லை, மேடைக்குப் படியேறும்போதே திரும்பி ஓடிவிடலாமா என்று பார்க்கிறேன்.

கேஸை மூடினாயா, கதவைப் பூட்டினாயா என்று நான் கேட்கமாட்டேன். நாலு நாலு தடவை பார்த்திருப்பாய்.

உன் தம்பி


மார்ச் 6, வெள்ளி

டேய் ஒல்லி,

சாப்பிட்டியா? நீ கேட்காதேன்னா நான் கேட்காம இருந்துடுவேனா?

ஆறு மாசமா என்கிட்ட மறைச்சிருக்கே. நல்லா இருக்குடா. சளி பிடிச்சாக்கூட ‘அக்கா, மூக்கு ஒழுகுது’ன்னு வந்து நிக்கிறவன், கையே பூட்டிக்கிட்ட விஷயத்தை வாய் திறக்கல. டாக்டர்கிட்ட காட்டினியா? நரம்பா? இல்ல மனசா?

நான் நல்லா இருக்கேன். நாலு தடவை இல்ல, அஞ்சு தடவை பார்த்தேன். தெருமுனை வரைக்கும் போய் மறுபடி திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன், வேலைக்கு லேட். தையல் கடை மாஸ்டர் மறுபடியும் கட்டிங் டேபிளுக்கு வரச் சொன்னார். மூணாவது தடவை கேட்கறார். துணி தப்பா வெட்டிட்டா ஒட்ட முடியுமா? எனக்கு எதுக்குடா வம்பு, பட்டன் வெச்சுக்கிட்டே இருந்துடறேன்னு சொல்லிட்டேன். அம்மா மாமா வீட்டுலேருந்து போன் பண்ணினா. பால் பொங்கிப் போச்சுன்னு தெரியாத்தனமா சொல்லிட்டேன். ‘உனக்கு என்னைக்குடி கவனம் இருந்திருக்கு’ன்னு அரை மணி நேரம் பாட்டு.

எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. கை நிக்கிறப்போ நீ எதைப் பார்த்துக்கிட்டு இருக்கே? போர்டையா? வேற எதையாவதா? யோசிச்சு உண்மையை எழுது. பயத்தை மென்னு முழுங்காதே.

அக்கா


மார்ச் 9, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டாவது சுற்றும் எப்படியோ ஜெயித்துவிட்டேன். நாளைக்கு மூன்றாவது. ஜெயித்தால் எட்டுக்குள்.

எதைப் பார்க்கிறாய் என்று கேட்டாய். நீ கேட்டிருக்கவே வேண்டாம்.

இங்கே போர்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா நிற்கிறார். ஸ்கோர் சொல்வது அவர்தான். ஒவ்வொரு டார்ட்டும் விழுந்ததும் எட்டிப் பார்ப்பார். அவர் தலை அசைந்தால் என் விரல் பூட்டிக்கொள்கிறது. டார்ட் போர்டுக்குப் போகாது, அவர் கண்ணுக்குத்தான் போகும் என்று தோன்றுகிறது. அவருக்கு உன் உயரம்தான் இருக்கும்.

இனி எழுதப்போவதைப் பத்தொன்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நம் பின்னறையில் ஒரு வழக்கம் இருந்ததே, நினைவிருக்கிறதா? நான் மூன்று டார்ட்டும் போட்டதும் நீ ‘எடுக்கறேன்’ என்பாய். நான் ‘எடு’ என்பேன். அதற்குப் பிறகுதான் நீ அவற்றைப் பிடுங்க போர்டுக்கு முன்னால் வருவாய். அன்றைக்கு நான் இரண்டுதான் போட்டிருந்தேன். காலையில் போட்ட வால் உடைந்த பழைய டார்ட் ஒன்று போர்டின் ஓரத்திலேயே குத்தி நின்றது. நீ மூன்றாக எண்ணிவிட்டாய். எண்ணிவிட்டு, ‘எடுக்கறேன்’ என்று சொன்னாய். சொன்னாய் அக்கா, தெளிவாகச் சொன்னாய். கையில் இருந்த மூன்றாவது குறியில் விழுந்தால் எனக்கு ஜெயம், கண்ணெல்லாம் அதில்தான் இருந்தது. வாய் பழக்கத்தில் ‘எடு’ என்றது. கை போட்டுவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். ‘அக்கா சொல்லாமலே உள்ளே வந்துட்டா’ என்றேன். பயத்தில் வந்த பொய். நீ கட்டுப் போட்ட முகத்தோடு ‘சொன்னேன்மா’ என்றாய். அம்மா ‘சும்மா கிட’ என்று உன்னை அதட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் நீயே ‘சொல்லலைன்னுதான் நினைக்கிறேன்’ என்றாய். அதோடு எல்லாரும் அதை விட்டுவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக்கூட பயமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 12, வியாழன்

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கடைக்கு லீவு சொல்லிட்டேன்.

கண்ணு போனது போயிடுச்சுடா. ஒத்தைக் கண்ணால ஊசியில நூல் கோக்கறேன், பஸ் நம்பர் பார்க்கறேன். அதுக்காக உன்மேல எனக்குக் கோபம் இல்ல. கை தவறிப் போச்சு, நீ வேணும்னு போடல.

ஆனா எனக்குச் சொன்ன ஞாபகம் இருந்துச்சு. நீ ‘எடு’ன்னு சொன்னது காதுல விழுந்த ஞாபகமும் இருந்துச்சு. நீ இல்லைன்னே. அம்மா இல்லைன்னா. என் தம்பி எதுக்குப் பொய் சொல்லப்போறான்னு, என் காதும் என் வாயும்தான் பொய்னு முடிவு பண்ணிட்டேன். ராத்திரி பகலா என்னை நானே திட்டித் திட்டி, அந்த ஞாபகத்தை அழிச்சேன்.

அன்னைக்கிலேருந்து என்னை நான் நம்பல. கேஸை மூடினேனான்னு எனக்குத் தெரியாது, ஏன்னா மூடின ஞாபகமே பொய்யா இருக்கலாம். நீங்க எல்லாரும் சிரிப்பீங்க. நானும் சேர்ந்து சிரிப்பேன். அச்சகத்துக்காரர் என்னைக் கட்டிக்கறேன்னு ரெண்டு வருஷம் காத்துக்கிட்டு இருந்தாரே, வேணாம்னு ஏன் சொன்னேன் தெரியுமா? ஒத்தைக் கண்ணுங்கிற வெட்கம்னு நினைச்சீங்க. ஒரு குழந்தை பிறந்தா அதை என் கையில எப்படி நம்பிக் கொடுக்கறதுன்னு பயந்தேன்டா. வேற ஒண்ணுமே இல்ல.

இதையெல்லாம் ஒரு வார்த்தையில நீ சரி பண்ணியிருக்கலாம். பத்தொன்பது வருஷத்துல எந்த நாள்லயும் பண்ணியிருக்கலாம். பக்கத்துல உட்கார்ந்து என் கையால சோறு வாங்கிச் சாப்பிட்டே.

என்கிட்ட சொல்லிட்டே, சரி. அம்மாகிட்ட யார் சொல்லுவா?

அக்கா


மார்ச் 15, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று, மேடையேற ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தது. குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். முகம் கழுவி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

உனக்கு இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. உனக்குக் கடிதம் போட்ட மறுநாளே என் கை திறந்துகொண்டது. மூன்றாவது சுற்று, காலிறுதி, நேற்று அரையிறுதி, எல்லாம் ஜெயித்துவிட்டேன். பட்டியலில் என் பெயர் இருக்கும். ஸ்கோர் சொல்லும் அந்த அம்மா பாட்டுக்கு எட்டிப் பார்க்கிறார், என் விரல் பாட்டுக்குத் திறக்கிறது. பாரத்தை உன் தலையில் இறக்கிவிட்டு நான் லேசாகிவிட்டேன். என்னைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. புதன்கிழமை ஃபைனல்.

அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தக் கவரையும் இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, படித்துவிட்டு என்ன ஆவாளோ. என்னைத்தான் வீட்டுக்கே வெளிச்சம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ பார்த்து, நல்ல நேரமாகத் தோன்றினால் போஸ்ட் பண்ணிவிடு. வேண்டாம் என்று பட்டால் கிழித்துவிடு. நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

கோபமாக இருந்தாலும் இரண்டு வரி எழுது. தினமும் காலையில் ரிசப்ஷனில் போய் நிற்கிறேன். அங்கே இருக்கும் பெண் என்னைப் பார்த்ததும் இப்போதெல்லாம் நான் கேட்காமலே ‘கடிதம் இல்லை’ என்று தலையை ஆட்டிவிடுகிறாள்.

உன் தம்பி


மார்ச் 17, செவ்வாய்

டேய்,

ரெண்டு கவரும் வந்தது. அம்மாவுக்கு எழுதினதை நான் பிரிக்கல.

அதைப் போடவும் நான், கிழிக்கவும் நான். நாளைக்கு அம்மா மயங்கி விழுந்தா ‘அக்காதான் போட்டா’. போடாம இருந்தா ‘நான் எழுதினேன், அக்காதான் கிழிச்சா’. நீ இதை யோசிச்சு எழுதியிருக்க மாட்டே, எனக்குத் தெரியும். பயத்துல வந்திருக்கும். உனக்குப் பயம் வந்தா நான்தான் முன்னாடி வந்து நிக்கணும்.

அந்தக் கவரை இதோட திருப்பி அனுப்பறேன். மாமா வீட்டு விலாசத்துல கதவு நம்பர் தப்பா எழுதியிருந்தே, திருத்திட்டேன். ஸ்டாம்பும் ஒட்டிட்டேன். பெட்டியில போட வேண்டியது மட்டும்தான் பாக்கி, அதை நீ பண்ணு.

அம்மாவுக்கு என்ன ஆகுமோன்னு எனக்கும் பயமா இருக்கு. அதைவிட, அவ நம்பாம போயிடுவாளோன்னு பயமா இருக்கு. இருந்தாலும் போடு.

ஃபைனல்ல என்ன ஆச்சுன்னு எழுத வேண்டாம், பேப்பர்ல வரும். அம்மா எனக்கு போன் பண்ணட்டும். அதுக்கப்புறம் உனக்கு எழுதறேன்.

அக்கா