நாற்பதாவது ஆள்

கண்டல்முனை
திங்கட்கிழமை

அன்புத் தங்கை நிஸ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள்புரியட்டும்.

இன்று சுபஹுத் தொழுகைக்கு எழும்பியதும் முதல் வேலையாக உன் மச்சானின் காலை அமுக்கிப் பார்த்தேன். விரல் பதிந்த குழி, நான் தேநீர் ஊற்றிக்கொண்டு வரும்வரை அப்படியே இருந்தது. சிறுநீரகம் இரண்டும் இனி வேலை செய்யாது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க இவருக்குக் கிடைத்தவை செவ்வாயும் வெள்ளி மத்தியானமும். வெள்ளிக்கு இவர் போவதில்லை. போனில் இதைச் சொல்ல முடியாது, பக்கத்திலேயே படுத்திருக்கிறார்.

நீ போகும்போது ஊர் எப்படி இருந்தது! வாவிக்கரை முழுக்க இறால் பண்ணை, ஐஸ் ஏற்றும் லொறிகள், விடியவிடியத் திறந்திருந்த தேநீர்க் கடைகள். பள்ளிவாசலுக்கு மேல்மாடி கட்டியதும் அப்போதுதான். பிறகு இறாலுக்கு நோய் வந்தது. பண்ணைக்காரர் குளங்களை அப்படியே விட்டுப் போனார்கள். அந்த உப்பு நம் கிணறுகளில் இறங்க, சனமும் ஒவ்வொன்றாய் ஊரைவிட்டுப் போனது. உன் வீட்டு விறாந்தையில் இப்போது மாடு படுக்கிறது.

வெள்ளி மத்தியான ஜும்ஆத் தொழுகைக்கு ஊரில் குடியிருக்கும் ஆண்கள் நாற்பது பேர் வேண்டுமே. இவரோடு சேர்த்துத்தான் நாற்பது. நோயாளிக்குக் கடமையில்லையே என்று பள்ளித் தலைவர் மஜீட் காக்காவிடம் போய்ச் சொன்னேன். “காலேஜ் படிச்ச புள்ளைக்கு மார்க்கமும் தெரியிதே” என்று பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “கடமையில்லதான் புள்ள. ஆனா வந்தா எண்ணலாம்.” அவருடைய மகன்மார் ஓட்டமாவடியில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். அவர்களை யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை.

போன வெள்ளி குத்பாப் பிரசங்கத்துக்கு முன் இவர் வாந்தியெடுத்தார். யாருடையதோ சாரத்தை உடுத்தி, கைகால் கழுவி வுழூச் செய்வித்து, திரும்பவும் வரிசையில் வைத்தார்கள். தொழுது முடித்த பிறகுதான் எனக்குச் சொல்லியனுப்பினார்கள்.

இனியும் போவீர்களா என்று கேட்டேன். “என்னால ஜும்ஆ நிண்டுபோனா, என்ட மையித்தத் தூக்கவும் வரமாட்டானுகள் ஸாதியா” என்றார்.

வருகிற வெள்ளி இவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சாரம் உடுத்தி, அத்தர் பூசி, வழமைபோல அஸ்பாக்கின் ஆட்டோவில் பள்ளிக்கென்று ஏற்றுவேன். இந்த முறை நானும் ஏறுவேன். பள்ளி வாசலில் நிறுத்தாமல் நேரே மட்டக்களப்புக்கு விடச் சொல்வேன். அஸ்பாக்குக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. அதன்பிறகு திரும்பி வர எங்களுக்கு ஊர் இல்லை.

ஊர் மன்னிக்காது, அதை விடு. இவர் என்னோடு பேசாமல் இருந்துவிடக் கூடாது. அதற்கு மட்டும் துஆச் செய், தங்கச்சி.

உன் ராத்தா
ஸாதியா