தாவ் அண்ணையின் மரண அறிவித்தலில் ஒரு வரி

அன்பும் பிடிவாதமும் சரிசமமாய்க் கொண்ட என் தாவ் அண்ணைக்கு,

நீங்கள் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் கவுன்சில்காரர் வந்து உங்கள் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார்கள். காலையில் என் தலைக்கு மேலே தேய்ந்து தேய்ந்து போகும் உங்கள் செருப்புச் சத்தத்துக்கு எத்தனை தரம் எரிச்சல்பட்டிருப்பேன்! இப்போது அது இல்லாத வீட்டில் இருக்க ஏலாமல் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை எங்கள் தமிழ்ப் பத்திரிகையில் போடுகிறேன். "அச்சுக்கு இல்லை" என்று நீங்கள் சொன்ன கதையும் இதில் வரும். முகத்தைத் தூக்கிவைத்துக் கொள்ளாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் வாசிக்கிற சனத்துக்கு நீங்கள் யாரென்று தெரிய வேண்டும். சீனப் பத்திரிகைக்காரர், இலண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் மேல்வீட்டுக்காரர். நீங்கள் பேசிய ஆங்கிலம் எனக்குள் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன். முதல் நாள் படிக்கட்டில் கிடந்த எங்கள் பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்து கதவைத் தட்டினீர்கள். பக்கம் முழுக்கப் பெரிய பெரிய படங்கள்.

"இவையெல்லாம் ஆர்? கட்சித் தலைவர்களோ?"

"இல்லை ஐயா, செத்த ஆக்கள். மரண அறிவித்தல். நான்தான் இந்தப் பக்கம் செய்யிறனான்."

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். உங்கள் பத்திரிகையில் இந்த அளவுப் படம் தலைவருக்கு மட்டும்தானாம். அன்றைக்கே உள்ளே வந்து, ஒன்றை முழுதாக வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று நான் சொல்லிக்கொண்டு போக, இடையில் மறித்தீர்கள்.

"எல்லாரும் அன்பானவையே? சண்டை பிடிச்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"சண்டையை நாங்கள் அறிவித்தலிலை போடுறேல்லை," என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மிச்சக் கதையெல்லாம் தேத்தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சீனாவின் சோங்கிங் நகரில் ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் பாறையைக் குடைந்து அச்சு இயந்திரத்தை உள்ளே வைத்துப் பத்திரிகை அடித்தீர்கள். பிறகு ஷாங்காய், பிறகு புரட்சி. வெற்றிச் செய்தி வந்த காலையில் மை காயாத பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு நீங்களே தெருவில் ஓடினீர்களாம். "அண்டைக்கு எழுதின ஒவ்வொரு சொல்லையும் நம்பினனான், புனிதா. பிறகு கட்சி சொன்னதை எழுதினன். பிறகு எழுதவும் விடேல்லை, அலுவலக முற்றம் கூட்ட விட்டினம்," என்றீர்கள். வயதுபோன காலத்தில் இலண்டனுக்கு வந்து சோஹோ உணவகத்தில் கோப்பை கழுவினீர்கள். கோப்பை கழுவித்தான் இங்கே தலையெடுத்த எங்கள் சனத்தை அந்தக் கதை சொல்லி வெல்ல ஏலுமே, அண்ணை?

இலங்கையில் கடைசிச் சண்டை நடந்த இந்த மே மாதம் உங்களோடு நான் கதைக்காமல் இருந்தேன், ஞாபகமா? பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்த ஆத்திரம். படிக்கட்டில் உங்களைக் கண்டதும், "உங்கட நாடு எங்களுக்காக ஒரு சொல்லுச் சொன்னதே?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஊரிலிருந்து ஒரு செய்தியும் ஒழுங்காக வராத நாட்கள் அவை. உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல், படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சனம் எனக்கு முன்னால் அழுதது.

நீங்கள் ஒரு சட்டி அரிசிக் கஞ்சியோடு வந்து வாசலில் நின்றீர்கள். "நாட்டுக்காக வரேல்லை, எனக்காக வந்தனான்," என்றீர்கள். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அன்றைக்குத்தான் உங்கள் மனைவி ஷூயிங்கைப் பற்றிச் சொன்னீர்கள்.

அவர் வெளிநாட்டில் பியானோ படித்தவர். கலாசாரப் புரட்சி வந்தபோது அந்தப் படிப்பே குற்றமாகிவிட்டது. மனைவியைக் கைவிட்டதாக நீங்கள் பகிரங்கமாக எழுதி ஒட்டாவிட்டால் உங்களையும் கொண்டுபோவார்கள், ஏழு வயது மகள் அநாதையாவாள். எழுத மாட்டேன் என்று நீங்கள் இருக்க, ஷூயிங்தான் தாளை விரித்து, தூரிகையை உங்கள் கையில் திணித்தார். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்கள். "இது காணாது, இன்னும் கடுமையா எழுது. இல்லாட்டில் நம்பமாட்டினம்," என்றாராம். விடியற்காலைப் பனியில் பத்திரிகை அலுவலகச் சுவரில் அதை ஒட்டிவிட்டு வந்தீர்கள். விறைத்துப்போன உங்கள் கைகளை அவர் சுடுதண்ணீரில் வைத்துப் பசையைக் கழுவிவிட்டார். அடுத்த கிழமை அவரைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

"மகளுக்கு இது தெரியாதோ?"

"தெரியாது. தகப்பன் தாயைக் கைவிட்டவன் எண்டுதான் வளர்ந்தவள். நான் என்னெண்டு சொல்லுறது? அம்மா சொல்லித்தான் செய்தனான் எண்டு செத்தவளின்ரை தலையிலை கட்டுறதோ? இது அச்சுக்கு இல்லை, புனிதா."

அச்சுக்கு இல்லை என்றுதானே சொன்னீர்கள், அண்ணை? வாய்க்கும் இல்லை என்று சொல்லவில்லையே!

உங்கள் மகள் மேய் வந்தார். கடைசிக் காரியத்துக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். நாடியும் புருவமும் அப்படியே நீங்கள். என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், கோட்டைக் கழற்றாமல் இருந்தார். நான் உங்களுக்கு அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தேன். சோங்கிங்கைப் பிறப்பிடமாகவும், ஸ்ட்ரெதமை வதிவிடமாகவும் கொண்ட தாவ் கைமிங் அவர்கள், காலஞ்சென்ற ஷூயிங்கின் அன்புக் கணவரும்... ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அந்த வரி வேண்டாம்," என்றார் மேய். "அம்மாவை வேண்டாம் எண்டு எழுதி ஒட்டின மனிசன். ஊர் முழுக்க வாசிச்சது."

சொன்னால் உங்களுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை வெறுப்பையே கட்டிக்கொண்டு விமானம் ஏறும். அண்ணை, நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் சொல்லிவிட்டேன். தாளை விரித்தது, கடுமையாக எழுதச் சொன்னது, எல்லாம். மேய் நம்பவில்லை. அப்பா எனக்குச் சொல்லிவைத்த கதை இது என்பதுபோல முகத்தைத் திருப்பினார். நான் விடாமல், நீங்கள் பனியில் ஒட்டிவிட்டு வந்ததையும், அம்மா உங்கள் கையைச் சுடுதண்ணீரில் வைத்துக் கழுவினதையும் சொன்னேன்.

அவர் சட்டென்று திரும்பினார்.

"என்ன தண்ணி?"

திரும்பவும் சொன்னேன்.

"சிவப்பு மீன் படம் கீறின பேசின்," என்றார். குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. "அந்தத் தண்ணியை நான்தான் கொண்டுவந்து குடுத்தனான். அம்மா அப்பாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. அது அப்பா எழுதி ஒட்டின நாளில்லை, வேற ஏதோ ஒரு நாள், நான்தான் ரெண்டு நாளைக் குழப்புறன் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்."

பிறகு கோட்டைக் கழற்றினார். நெடுநேரம் அழுதார், அண்ணை. நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். உங்கள் கஞ்சி மாதிரி வரவில்லை, ஆனாலும் குடித்தார்.

"அந்த வரியைப் போடுங்கோ. இந்தக் கதையையும் போடுங்கோ. அவர் ஒட்டினதை ஊர் வாசிச்சது, இதையும் ஆராவது வாசிக்கட்டும்," என்றார். கொஞ்ச நேரத்தால் தாளை எட்டிப் பார்த்து, "இதிலை உங்கட பேர் எங்கை?" என்று கேட்டார். நான் ஆர் என்று போடுவது? மேல்வீடு, கீழ்வீடு என்று எங்கள் அறிவித்தலில் ஓர் உறவுமுறை இல்லையே. எங்கள் ஆக்கள் என்னென்ன முறை போடுவார்கள் என்று அவரே கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்கும் ஒரு முறையைத் தெரிந்து எழுதச் சொன்னார்.

பக்கம் வெளிவந்துவிட்டது. கட்சித் தலைவர் அளவுப் படம்தான், சந்தோஷமா? அடுத்த ஆண்டு உங்கள் நினைவுநாளுக்கு ஷூயிங் அக்காவின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் போடுவேன். படத்தைத் தேடி அனுப்புவதாக மேய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் இருக்குமட்டும் ஒவ்வோர் ஆண்டும் இருவரும் ஒரே பக்கத்தில் வருவீர்கள், ஒருவரையும் பிரிக்க விடமாட்டேன்.

அறிவித்தலில் உள்ளபடியே,
உங்கள் உடன்பிறவாத் தங்கச்சி
புனிதா
ஸ்ட்ரெதம், 2009