குக்கரில் வெந்த கேக்

கண்ணு,

இன்றைக்குக் கேக் நன்றாக உப்பி வந்துவிட்டது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

போன வாரம் போனில் பார்த்துக் குக்கரில் செய்தேன். சோறு வைக்கிற பழக்கத்தில் அடியில் தண்ணீர் ஊற்றி வெயிட்டும் போட்டுவிட்டேன். களிதான் வந்தது. "மாட்டுக்கு வை" என்றார் உன் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. நம் கழனியில் நாற்று நடுகிற பாக்கியமேரி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கொடுத்த கேக்கைப் பின்வாசலில் வாங்கி, அவள் தலை மறைந்ததும் மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் போட்டவள் நான். அதில் ஒரு துண்டைத் தின்றதற்கு உன்னை அடித்தும் இருக்கிறேன்.

நேற்று நேராக அவள் வீட்டுக்கே போனேன். "இன்னாம்மா, எங்க வூட்டாண்ட வந்துக்கீறீங்க?" என்று பதறிவிட்டாள்.

"கேக் பண்ணக் கத்துக்கணும்."

அடியில் தண்ணீருக்குப் பதில் உப்பு, வெயிட் கூடாது, முக்கால் மணி நேரம் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் வித்தை. உள்ளே உட்கார்ந்து, அவள் தட்டில் வைத்துக் கொடுத்ததைத் தின்றேன். கல்யாணத்துக்குத்தான் நாங்கள் வரவில்லையே, சுவரில் உன் கல்யாணப் படத்தை அப்போதுதான் பார்த்தேன். அந்தப் புடவை உனக்கு எடுப்பாக இருக்கிறது.

இன்று வேகிற வாசம் வாசல்வரை வந்தது. சின்னப் பெண் மாதிரி குக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கேக்காகச் செய்யப் போகிறேன். மாப்பிள்ளையோடு வா. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், சம்மதம் கேட்கவில்லை. சம்பந்தியம்மாவை நானே போய் முன்வாசல் வழியாக அழைத்து வருகிறேன்.

உன் அம்மா