தாய்மாமனை வெட்டிய வாரம்

நவம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்தே மழை. மலேசியாவில், அதுவும் குளுவாங்கில், துணி காயாது. பழைய டிஸ்க் எலிக்குஞ்சு மாதிரி கீச்சிடுகிறது. நான் ஊர்ஊராகப் போய் எடுத்த கல்யாண வீடியோக்களின் பேக்கப் எல்லாம் அதில்தான். நாளுக்கொரு ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் எல்லா வீடியோவும். என் மனைவி மாலதியின் தம்பி செல்வம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது அமைத்துக் கொடுத்தது. அத்தனையும் எப்படி அதில் அடங்குகிறது என்று கேட்டதில்லை. புரிந்த மாதிரி தலையாட்டியதோடு சரி. புது டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டாயிற்று. ஓடுகிறது.

13, புதன்

புது டிஸ்க் நிரம்பிவிட்டதாம். காப்பி பாதியில் நின்றது. அதே அளவு டிஸ்க்! பழையதில் இன்னும் இடம் மிச்சம். கடைக்காரனைத் திட்டினேன், மனத்துக்குள்.

காஹாங் கமலா அக்கா போன் (வாயாடி, நானும்தான்). மகள் கல்யாண வீடியோவை நான் இன்னும் கொடுக்கவில்லை. அவளுக்கு ஞாயிறு வளைகாப்பே வந்துவிட்டது. மண்டபத்தில் பெரிய திரையில் போட வேண்டுமாம். ஒரு நிபந்தனை.

"எங்கண்ணன் வர்ற எடத்த எல்லாம் வெட்டிடு தம்பி. பந்தி லேட்டுன்னு சாப்பிடாமப் போன மனுசன்."

"தாய்மாமன் சீரே அவருதானேக்கா?"

"வெட்டு லா."

வெட்டினேன். கேமரா கார்டு எப்போதோ அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டது. கணினியிலும் இடமில்லாமல் அழித்தாயிற்று. ஆகவே பழைய டிஸ்க்கின் பேக்கப் ஃபோல்டரிலேயே, பழைய கோப்பின் மேலேயே பதித்தேன். மற்ற தேதி ஃபோல்டர்களில் மாமா பத்திரமாக இருப்பார் என்ற தைரியம்.

15, வெள்ளி

மழை. க. அக்கா போன். குரலில் சர்க்கரை.

"அண்ணன் வளையலோட வராரு தம்பி. நேத்து வீட்டுக்கு வந்து அழுதாரு, நானும் அழுதேன். அவரு சீர் கொண்டார்றது இருக்குல்ல? வெட்டச் சொன்னேன்னு தெரிஞ்சா, அலமாக், மறுபடியும் போயிருவாரு."

"இருக்குக்கா, இருக்குக்கா."

திங்கள் ஃபோல்டர்: மாமா இல்லை. ஞாயிறு: இல்லை. போன மாதம்: இல்லை. எதைத் திறந்தாலும் சீரே வராமல் தாலி ஏறுகிறது.

தேநீர் போட்டேன், குடிக்கவில்லை. மறுபடி போட்டேன். கூடத்துக்கும் வாசலுக்கும் நடை.

மாலதி: "வளைகாப்பு அவளுக்கா, உங்களுக்கா?"

16, சனி

ஒருவழியாகச் செல்வம் போனை எடுத்தான்.

"மச்சான், ஃபோல்டருக்கு ஃபோல்டர் தனி வீடியோ இல்ல. மாறாத ஃபைல் டிஸ்க்ல ஒண்ணுதான் இருக்கும். ஹார்ட் லிங்க். ஒரே வீட்டுக்குப் பல வாசல். நீங்க ஒரு வாசல் வழியா போயி செவுத்த இடிச்சிட்டீங்க. எந்த வாசல்ல வந்தாலும் இடிஞ்ச வீடுதான்."

"அப்ப மாமா?"

"போயிட்டாரு."

உட்கார்ந்தேன். எழுந்தேன். பேச்சை மாற்ற, புது டிஸ்க் நிரம்பிய கதையைச் சொன்னேன்.

"லிங்க்கோட காப்பி பண்ணலை நீங்க. அதான் வாசலுக்கு வாசல் புதுசா ஒரு வீடு கட்டிருக்கு. எடம் எப்படிப் பத்தும்? ஆமா... அத எப்ப காப்பி பண்ணீங்க?"

"செவ்வா."

"வெட்டினது?"

"புதன்."

புது டிஸ்க்கை எடுத்துக் கணினிக்கு ஓடினேன். கேபிளைத் தலைகீழாகச் சொருகப் பார்த்தேன், மாலதி பிடுங்கிச் சரியாகச் சொருகினாள்.

இருக்கிறார்! பட்டு வேட்டி, முறுக்கிய மீசை, கையில் சீர்த்தட்டு. நான் திட்டிய அந்த அரைகுறை காப்பியில், முழுசாக. தொடுவதற்கு முன் இன்னொரு காப்பி எடுத்தேன். அப்புறம்தான் மூச்சு.

மரியாதைக்கு ஒருமுறை சத்தம் வைத்துக் கேட்டேன். மாமா தன் மனைவியிடம்: "பாத்தியா, என் தங்கச்சி தட்ட எண்ணுறா, கஸ்டம்ஸ்காரி மாதிரி."

கடவுளே. அந்த இடத்தில் நாதஸ்வரம், தவில், எல்லாம் ஏற்றினேன்.

17, ஞாயிறு

காஹாங் மண்டபம். மாமா திரையில் தன்னையே பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். க. அக்கா அவர் தோளில் சாய்ந்து அழுகை. எனக்கே கண் கலங்கியது (கொஞ்சம் வெங்காயமும் காரணம்).

பந்தியில் அக்கா என் பக்கம் குனிந்தாள். "தம்பி, அண்ணன் தட்டு கொண்டார்றப்ப மட்டும் மேளம் ஏன் அப்படிக் காதக் கிழிக்குது?"

வாய் நிறைய புளிச்சோறு. இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.